ஜெர்மனியில் ஆர்க்கிடெக்சர் இன்டர்னாகச் சேரப்போகிறவருக்கு: ரெண்டரை விட்டு ஒர்க்கிங் டிராயிங் பக்கம் போங்கள்

கேள்வி இது. கோவையில் பி.ஆர்க் முடித்துவிட்டு டெசாவில் மாஸ்டர்ஸ் படிக்கிறீர்கள், இரண்டாவது செமஸ்டர் முடியப்போகிறது. லைப்சிக்கில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகம் ஆறு மாத இன்டர்ன்ஷிப் தருகிறது. பெர்லினில் டிசைன் போட்டிகளுக்குப் பெயர்போன ஒரு பெரிய அலுவலகம் மூன்று மாதத்துக்குக் கூப்பிடுகிறது. ஜெர்மன் ஏ2 அளவுதான், அதாவது ஆரம்ப நிலை. எதை எடுப்பது, சேர்ந்த பிறகு எப்படி நடந்துகொள்வது?

லைப்சிக்கை எடுங்கள். பெயர் தெரியாத அலுவலகம், பள்ளிக்கூட விரிவாக்கமும் பழைய குடியிருப்புகளைப் புதுப்பிப்பதும்தான் வேலை என்று கொஞ்சம் தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் வேண்டாம், நீங்கள் போகவேண்டிய இடமே அதுதான். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வருகிற நல்ல திறமையுள்ள பிள்ளைகள் இந்த ஒரு இடத்தில்தான் தொடர்ந்து தவறான பக்கம் திரும்புகிறார்கள்.

ஜெர்மனியில் ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கென்றே ஹெச்.ஓ.ஏ.ஐ. என்று ஒரு அரசாணை இருக்கிறது. ஒரு கட்டடத்தின் வேலையை அது ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, மொத்தக் கட்டணத்தில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. முதல் மூன்று கட்டங்கள், அதாவது தேவையைக் கேட்டறிவது, முதல் யோசனைகள், முழு டிசைன், எல்லாம் சேர்த்து 2, 7, 15 என்று 24 சதவீதம். அனுமதிக்கு விண்ணப்பிப்பது 3. அதற்குப் பிறகுதான் பாரம் ஏறுகிறது: ஒர்க்கிங் டிராயிங்குக்கு, அதாவது கட்டுபவர் கையில் கொடுக்கும் விரிவான வரைபடங்களுக்கு மட்டும் 25, டெண்டர் தயாரிப்புக்கு 10, டெண்டரை முடித்துக்கொடுக்க 4, சைட் மேற்பார்வைக்கு 32. கடைசியாக ஒப்படைத்த பிறகான கவனிப்புக்கு 2. 2021இலிருந்து கட்டண அளவுகள் கட்டாயமில்லை, 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு பேசி முடிவுசெய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் கட்டங்களும் சதவீதப் பிரிப்பும் இன்றும் எல்லா அலுவலகத்திலும் மூச்சுக்கு மூச்சு பேசப்படுகிற விஷயம். ‘இந்த புராஜெக்ட் இப்போது ஐந்தில் இருக்கிறது, அது எட்டில் இருக்கிறது’ என்றுதான் பேசுவார்கள். முதல் நாளே காதில் விழும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒர்க்கிங் டிராயிங்கான ஐந்திலிருந்து சைட் மேற்பார்வையான எட்டு வரை 71 சதவீதம். கல்லூரியில் நாம் ஐந்து வருடம் செய்ததெல்லாம் அந்த 24க்குள் அடங்கிவிடும். பெர்லின் அலுவலகத்தில் மூன்று மாதம் போனால் மறுபடியும் அதே 24க்குள்தான் இருப்பீர்கள், அதிலும் ஒரு ஓரத்தில்: நுரைப் பலகையை அறுத்து மாடல் செய்வது, ரைனோ என்ற மென்பொருளில் மாற்றி மாற்றி உருவம் செய்து காட்டுவது, கடைசி வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து லேஅவுட் போடுவது. அந்த வேலையைத் தாழ்த்திச் சொல்லவில்லை. போட்டிகள் வழியாக நல்ல பள்ளிகளும் நூலகங்களும் வந்திருக்கின்றன, நல்ல அலுவலகத்தில் பக்கத்திலிருந்து பார்ப்பது கண்ணைத் திறக்கும். ஆனால் அதற்குத் தேவையான கை உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது, உங்கள் போர்ட்ஃபோலியோவிலேயே தெரிகிறது. இல்லாதது, தான் போட்ட கோடு அலுவலகத்தை விட்டு வெளியே போய் யார் கையில் சேர்ந்து என்னவாக ஆகிறது என்கிற அறிவு. அதைத் தருவது லைப்சிக்தான்.

சரி, அங்கே போய் உட்கார்ந்ததும் முதலில் எது புதிதாக இருக்கும் என்று பார்ப்போம். அளவு எழுதுகிற முறையே வேறு. நாம் மில்லிமீட்டரில் பழகியவர்கள், வீட்டுக்காரரிடம் பேசும்போது அடி, அங்குலம். இங்கே ஒரே டிராயிங்கில் ஒரு மீட்டருக்குக் கீழே இருப்பதை சென்டிமீட்டரிலும், மேலே இருப்பதை மீட்டரிலும் எழுதுவார்கள், புள்ளிக்குப் பதில் கமா. சுவரில் 24 என்று இருந்தால் 24 செ.மீ., கதவில் 1,01 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர், 88க்கு மேலே பொடியாக ஒரு 5 இருந்தால் 88.5 செ.மீ. இந்த விநோத எண்கள் சும்மா வந்தவை இல்லை. இங்கே செங்கல் கட்டுமானம் 12.5 செ.மீ. மடங்கில் போகிறது, அதில் ஒரு சென்டிமீட்டர் கலவை இணைப்புக்கு. அதனால் திறப்புகளின் அளவில் ஒன்று கூடும், சுவர்த் துண்டில் ஒன்று குறையும்: 24, 36.5, 88.5, 1.01 எல்லாம் அந்த ஒரே கணக்குதான். இதைப் புரிந்துகொண்டு ஒரு கதவை 90 என்று போடாமல் 88.5 என்று போடும் இன்டர்னை அந்த அலுவலகம் உடனே கவனிக்கும்.

அடுத்தது தளம். நம் ஊரில் ஸ்லாபுக்கு மேல் கொஞ்சம் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டால் தளம் முடிந்தது. இங்கே ஸ்லாபுக்கு மேல் காலடிச் சத்தத்தைத் தடுக்கும் ஒரு அடுக்கு, வெப்பத் தடுப்பு, தரைக்குள் ஓடும் ஹீட்டிங் குழாய்கள், அதற்கு மேல் எஸ்ட்ரிச் என்கிற மிதக்கும் கலவைத் தளம், அதற்கு மேல்தான் மரமோ டைல்ஸோ. பதினைந்து சென்டிமீட்டர் சாதாரணமாகப் போகும். ஆகவே ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு மட்டம் எழுதவேண்டும்: ஸ்லாபின் மட்டம் கறுப்பு நிரப்பிய முக்கோணத்தில், முடிந்த தளத்தின் மட்டம் வெற்று முக்கோணத்தில். மாடிப்படியின் முதல் படியும் கடைசிப் படியும் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்படுகின்றன என்று கேட்டால் இரண்டு நாள் வேலை வந்து நிற்கும். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும், வரட்டும், அதைக் கடந்தால் பாதி செக்‌ஷன், அதாவது கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் வரைபடம், புரிந்துவிடும்.

ஜன்னலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு ஜன்னல் வெளியே திறக்கும், உள்ளே கம்பி இருக்கும், மேலே சன் ஷேட். இங்கே பெரும்பாலும் உள்ளே திறக்கும், மேல்பக்கம் சாய்த்து லேசாகத் திறந்து வைக்கவும் முடியும், வெளியே ஷட்டர் இறங்கும். உள்ளே திறப்பதால் சமையலறையில் குழாய் இடிக்குமா, கட்டில் தலைமாடு தடுக்குமா என்று எல்லாம் பிளானில் பார்க்க வேண்டும். அதோடு, பல குடியிருப்புகளில் தீ விபத்தின்போது இரண்டாவது தப்பும் வழியே ஜன்னல்தான், தீயணைப்பு வீரர் ஏணி வைத்து அந்த வழியாக இறக்குவார். மாநிலங்கள் பின்பற்றுகிற மாதிரிக் கட்டட விதியில் அதற்கு 0.90க்கு 1.20 மீட்டர் திறப்பு வேண்டும், அடிவிளிம்பு தரையிலிருந்து 1.20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. ஜெர்மனியில் 16 மாநிலங்கள், 16 கட்டட விதிகள், சின்னச் சின்ன மாற்றங்களோடு. நீங்கள் படிப்பது சாக்சனி-அன்ஹால்ட், வேலை செய்யப்போவது சாக்சனி. சாக்சனி விதியைப் பதிவிறக்கி மாடிப்படி, தப்பும் வழி, அடுத்த மனைக்கு விடவேண்டிய இடைவெளி, இந்த மூன்று பகுதியையாவது அகராதி வைத்துக்கொண்டு படித்துவிட்டுப் போங்கள்.

பால்கனி இன்னொன்று. ஊரில் ஸ்லாபை அப்படியே வெளியே நீட்டினால் பால்கனி. இங்கே அப்படி நீட்டினால் குளிர் அந்த கான்கிரீட் வழியாக நேராக அறைக்குள் வரும், உள்ளே மூலை ஈரமாகி பூஞ்சை பிடிக்கும். அதனால் வீட்டு ஸ்லாபுக்கும் பால்கனி ஸ்லாபுக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்கிற ஒரு தனி உறுப்பை வைத்து, கம்பிகள் மட்டும் அதனூடே போகும்படி செய்கிறார்கள். வெப்பம் எங்கே ஒழுகுகிறது என்று ஒவ்வொரு மூலையிலும் கேட்பதுதான் இங்கத்திய டீட்டெயிலிங்கின் முக்கால் பங்கு. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர், ஜன்னல் சுவரில் உட்காரும் இடம், சுவர் தரையைத் தொடும் இடம், எல்லாவற்றிலும் அதே கேள்வி. டெசாவில் இருக்கிறீர்கள் அல்லவா, பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற டிசைன் பள்ளிக்காக 1926இல் திறந்த கட்டடத்துக்கு ஒருமுறை இந்தக் கண்ணோடு போய் வாருங்கள். அந்தப் புகழ்பெற்ற கண்ணாடிச் சுவர் கோடையில் உள்ளே இருந்தவர்களை வேகவைத்தது, குளிர்காலத்தில் நடுங்கவைத்தது. நேரம் இருந்தால் தெற்கே டோர்டன் குடியிருப்பையும் பாருங்கள், 1926க்கும் 1928க்கும் நடுவில் பௌஹவுஸைத் தொடங்கிய ஆர்க்கிடெக்ட் குரோப்பியஸ் மலிவாக, வரிசையாக, சைட்டிலேயே கட்டுமானத் துண்டுகளை வார்த்துக் கட்டியவை. குடியிருந்தவர்கள் பின்னால் ஜன்னல்களை எப்படியெல்லாம் மாற்றிக்கொண்டார்கள் என்று தெருவில் நடந்தாலே தெரியும். எந்த வகுப்பையும்விட நல்ல பாடம்.

மென்பொருள் பற்றி ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், அது தேவையில்லை. ரெவிட் தெரியும் என்கிறீர்கள். இங்கே சின்ன அலுவலகங்களில் ஆர்க்கிகேட், வெக்டர்வொர்க்ஸ், ஆல்பிளான் மூன்றும்தான் அதிகம் பார்க்கலாம். எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மாணவர் உரிமத்தில் இறக்கி, ஏதாவது ஒரு சின்ன வீட்டை முழுதாக வரைந்து பார்த்துவிட்டால் போதும். மீதி அங்கே வந்துவிடும்.

மொழிதான் உண்மையான கஷ்டம், அதை மழுப்ப மாட்டேன். ஏ2 வைத்துக்கொண்டு லைப்சிக் சைட்டில் போய் நின்றால் ஒன்றும் புரியாது, அங்கே பேசுவது சாக்சன் வழக்கு, வகுப்பில் கேட்ட ஜெர்மன் மாதிரி ஒலிக்கவே ஒலிக்காது. பெர்லின் பெரிய அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் ஓட்டிவிடலாம், பலரும் அதனால்தான் அங்கே போகிறார்கள். ஆனால் படிப்பு முடித்து நிரந்தர வேலை தேடும்போது ஜெர்மன் இல்லாதவருக்குக் கதவு பாதிதான் திறக்கும், ஏனென்றால் டெண்டரும் அதிகாரிகளுக்கு எழுதும் கடிதமும் சைட் கூட்டமும் ஜெர்மனில் மட்டும்தான். ஆகவே இந்த ஆறு மாதத்தை மொழிக்கான வாய்ப்பாகவும் பாருங்கள். ஒரு சுவரின் செக்‌ஷனை 1:20இல் கையால் வரையுங்கள், அஸ்திவாரத்திலிருந்து கூரை விளிம்பு வரை ஒவ்வொரு பொருளுக்கும் ஜெர்மன் பெயரை அம்புக்குறி போட்டு எழுதுங்கள், தெரியாததை மேசைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அப்படி நாலைந்து செக்‌ஷன் போட்டால் அலுவலகத்தில் அன்றாடம் புழங்குகிற சொற்களில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இலக்கணம் சாயங்கால வகுப்பில் வரட்டும்.

சைட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள், இன்டர்னுக்கு எதற்குத் தொல்லை என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலான சைட்டில் வாராவாரம் ஒரு குறிப்பிட்ட நாளில் கூட்டம் நடக்கும். ‘நான் குறிப்பெடுக்கிறேன்’ என்று சொன்னால் சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள், எல்லோருக்கும் பிடிக்காத வேலை அதுதான். பாதுகாப்புக் காலணியும் ஹெல்மெட்டும் அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நம் ஊர் மேஸ்திரி மாதிரி ஒருவர் இருப்பார், போலியர் என்பார்கள். அவரிடம் மரியாதையாக, தயங்காமல், டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எது உங்களுக்குப் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பதில் எந்தப் பேராசிரியரிடமும் கிடைக்காது. ஊரில் ஒரே கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வார், இங்கே பல வேலைகளில் கொத்து, கூரை, ஜன்னல், பிளம்பிங், பெயின்ட் ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனம், தனித்தனி டெண்டர். இரண்டு நிறுவனங்களின் வேலை சந்திக்கிற கோட்டை யார் முடிப்பது என்று டிராயிங்கில் தெளிவாக இல்லையென்றால் அங்கேதான் சண்டையும் கூடுதல் செலவும் வரும்.

அலுவலக நடைமுறையில் இரண்டு விஷயம் மட்டும். புரியாதபோது தலையாட்டாதீர்கள். நாம் தலையை ஆட்டுவது ஆமாவா இல்லையா கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா என்று இவர்களுக்குத் தெரியாது, ஆமா என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ‘புரியவில்லை, இன்னொருமுறை வரைந்து காட்டுங்கள்’ என்று வாயால் சொல்லுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று, பெரியவர் சொன்னதில் தப்பு தெரிந்தால் சும்மா இருப்பதை இங்கே மரியாதையாகக் கருதமாட்டார்கள். சின்ன அலுவலகங்களில் முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் வாய் வராது, பழகிவிடும்.

பணமும் சட்டமும். மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச்சிலிருந்து இந்த அளவு. உங்கள் பாடத்திட்டத்திலேயே கட்டாயம் என்று இருக்கும் இன்டர்ன்ஷிப் இந்த நாள் கணக்கில் வராது, ஆனால் அதற்குக் குறைந்தபட்ச ஊதியமும் கட்டாயமில்லை. நீங்களாக விருப்பப்பட்டுச் செய்வது மூன்று மாதம் வரை என்றால் அதற்கும் கட்டாயமில்லை. மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும், 2026 ஜனவரியிலிருந்து அது மணிக்கு 13.90 யூரோ. பெர்லின் ஏன் சரியாக மூன்று மாதம் என்கிறது, இப்போது புரிகிறதா? லைப்சிக்கின் ஆறு மாதம் எந்த வகை என்று முதலில் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், விருப்ப வகை என்றால் நாள் கணக்கு இடிக்கும், வெளிநாட்டினர் அலுவலகத்தில் பேசிவிட்டுத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அங்கேயே செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் மாணவர் ஊழியராகத் தொடரவும் ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதம் முடியும் முன்பே அதைப் பேசிவையுங்கள், வேலை தெரிந்தவரை விட மனம் வராது.

சம்பளமில்லாமல் வேலை செய்ய யாராவது கேட்டால் தோஷியை உதாரணம் காட்டுவார்கள். இந்திய ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷி 1951இல் பாரிஸ் போய், புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் முதல் மாதங்களைச் சம்பளமில்லாமல்தான் கழித்தார், 2018இல் கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் வாங்கினார், உண்மைதான். ஆனால் அவர் அங்கே வரைந்தது அகமதாபாத்திலும் சண்டிகரிலும் உண்மையில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களை, பிறகு ஊருக்குத் திரும்பி அவற்றின் சைட்டிலேயே நின்றார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பகுதியை. உங்கள் அப்பா வங்கிக் கடன் வாங்கி அனுப்பிய பணத்தில் வாடகை கட்டிக்கொண்டு இன்னொருவருக்கு இலவசமாக உழைக்க வேண்டாம். டெசாவிலிருந்து லைப்சிக்குக்கு நேர் ரயில் சுமார் ஒரு மணி நேரம்தான், அறையை மாற்றாமலேயே போய்வரலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இன்னும் ஒன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஜெர்மனியில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தை மாநில ஆர்க்கிடெக்ட் சேம்பர் என்கிற தொழில் மன்றத்தில் பதிவுசெய்தவர் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். அதற்குக் குறைந்தது நான்கு வருடப் படிப்பு, படிப்பு முடித்தபின் பொதுவாக இரண்டு வருட அனுபவம். அந்த அனுபவம் வெறும் டிசைனாக இருந்தால் போதாது, திட்டமிடலிலிருந்து சைட் வரை பல கட்டங்களில் வேலை செய்ததைக் காட்டச் சொல்வார்கள். இன்டர்ன்ஷிப் அந்த இரண்டு வருடத்தில் சேராது. ஆனால் ஐந்தாம் கட்டமும் எட்டாம் கட்டமும் தெரிந்த ஒருவரைத்தான் முதல் வேலையிலேயே அந்த வேலைகளில் போடுவார்கள், ரெண்டர், அதாவது கணினியில் கட்டடத்தின் படம் செய்வது, மட்டும் தெரிந்தவரைப் பல வருடம் ரெண்டரிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்துபோன நல்ல கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முடிக்கும்போது ஒரு வேலைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதில் பொதுவாக ‘உதவினார்’ என்று எழுதாமல், எந்த புராஜெக்ட், எந்தக் கட்டம், நீங்கள் வரைந்தது 1:100இலா 1:50இலா, சைட் கூட்டங்களுக்குப் போனீர்களா என்று எழுதச் சொல்லுங்கள். அந்த அலுவலகம் கேட்டால் நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுக்கலாம், பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. பெர்லினுக்கு நன்றி சொல்லி, அடுத்த வருடம் தீசிஸுக்கு முன்னால் மறுபடி விண்ணப்பிப்பேன் என்று மரியாதையாக ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். லைப்சிக்குக்கு இந்த வாரமே பதில் எழுதுங்கள், அதிலேயே எந்த மென்பொருள், சேரும்போது எந்த புராஜெக்ட் எந்தக் கட்டத்தில் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.